செம்பருத்தியை எப்படிப் படம் பிடிப்பது? சிவப்பு–சயான் முப்பரிமாணப் படங்களில் முரண்டு பிடிக்கும் நிறங்கள்

முப்பரிமாணப் படம் எடுக்கத் தொடங்குகிற பலரும் முதலில் கையில் எடுப்பது சிவப்பு–சயான் (நீலப்பச்சை) கண்ணாடியைத்தான். அட்டைக் கண்ணாடி ஒன்றும் சாதாரணக் கைபேசித் திரையும் இருந்தால் போதும். மண்பானை, கருங்கல் தூண், வாசல் கோலம், மரத்தின் வேர் என்று எதை எடுத்தாலும் திரையை விட்டு எழுந்து நிற்கும். அந்த உற்சாகத்தில் ஒரு செம்பருத்திப் பூவையோ அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையையோ எடுத்து அதே முறையில் சேர்த்துப் பாருங்கள். பூ மட்டும் துடிக்கும். ஒரு கணம் வெளுத்துத் தெரியும், மறுகணம் கறுத்துத் தெரியும். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் தலை வலிக்கும்.

இதைச் சரிசெய்ய முடியும். முழுவதும் அல்ல, ஆனால் பார்ப்பவர் கண் நோகாத அளவுக்கு நிச்சயமாக முடியும். அதற்கு முன், படம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நிறத்துக்கு இரண்டு வேலை

சற்றே தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை ஒன்றாகச் சேர்த்து, இந்தக் கண்ணாடியால் பார்க்கும் படத்துக்கு அனாகிளிஃப் என்று பெயர். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிற அடுக்குகள், அதாவது சேனல்கள், இருக்கின்றன. சிவப்புச் சேனல் இடக்கண்ணுக்கான படத்திலிருந்து வருகிறது. பச்சையும் நீலமும் வலக்கண்ணுக்கான படத்திலிருந்து வருகின்றன. கண்ணாடியின் சிவப்புத் தாள் சிவப்பு ஒளியை மட்டும் விடுவதால் இடக்கண் தன் படத்தை மட்டும் பார்க்கிறது. சயான் தாள் பச்சையையும் நீலத்தையும் விடுவதால் வலக்கண் தன்னுடையதைப் பார்க்கிறது.

1853இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ரோல்மான், நிறக் கோடுகளால் வரைந்த படத்தை நிறக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் இந்த உத்தியை விளக்கினார். 1891இல் பிரான்ஸின் லூயி டுகோ டு ஓரோன் அதை அச்சுப் படங்களுக்குக் கொண்டுவந்தார். அவர்கள் காலத்தில் மூலப்படங்களில் நிறமே கிடையாது. எந்தப் படம் எந்தக் கண்ணுக்கு என்று பிரிப்பது மட்டுமே நிறத்தின் வேலை. நாம் இன்று அதே நிறத்திடம் இன்னொரு வேலையையும் கொடுக்கிறோம்: பூ சிவப்பாகவும் இலை பச்சையாகவும் தெரிய வேண்டும் என்கிறோம். இந்த இரண்டு வேலைகளும் மோதுகிற இடத்தில்தான் படம் துடிக்கிறது.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். ஒவ்வொரு சேனலிலும் 0 என்றால் கறுப்பு, 255 என்றால் முழு வெளிச்சம். குங்குமச் சிவப்பு ஒன்றின் மதிப்பு சிவப்பு 200, பச்சை 20, நீலம் 40 என்று வைத்துக்கொள்வோம். இடக்கண்ணுக்கு அந்தப் பூ 200, அதாவது பளீரென்ற வெளிச்சம். வலக்கண்ணுக்கு 20, 40, அதாவது கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரே பூவை ஒரு கண் வெள்ளை என்கிறது, மறு கண் கறுப்பு என்கிறது. மூளையால் இரண்டையும் கலக்க முடிவதில்லை. மாறி மாறி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. இதற்கு இருகண் போட்டி என்று பெயர்.

துடிப்பை விடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஆழத்தை உணர, இரண்டு படங்களிலும் ஒத்த விளிம்புகளை மூளை தேடிப் பொருத்துகிறது. பளிச்சென்ற சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்த கோயில் மதிலை எடுத்தீர்களானால், இடக்கண்ணுக்குச் சிவப்பும் பிரகாசம், வெள்ளையும் பிரகாசம். பட்டைகள் மங்கிப்போய்விடும். வலக்கண்ணுக்கோ அவை கறுப்பு–வெள்ளையாக அப்பட்டமாகத் தெரியும். பொருத்துவதற்கு ஒரு பக்கம் விளிம்பே இல்லை. நெற்றியில் வைத்த குங்குமப் பொட்டுக்கும் இதே கதிதான். தோலின் சிவப்பு மதிப்பும் பொட்டின் சிவப்பு மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இடக்கண் பொட்டையே பார்ப்பதில்லை.

ஆக, எந்த நிறம் தொல்லை, எது தொல்லையில்லை என்பதை இந்த அளவுகோலால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சாம்பல், வெள்ளை, கல், மரம், மணல், மஞ்சள் எல்லாம் நல்ல பிள்ளைகள். மஞ்சளில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே இருப்பதால் இரண்டு கண்ணுக்கும் பங்கு கிடைக்கிறது. சாமந்தி நன்றாக வரும். தோல் நிறம் பரவாயில்லை. பச்சை இலை நடுத்தரம், இடக்கண்ணில் கொஞ்சம் இருண்டிருக்கும். சயானுக்கு நெருங்கிய வண்ணம் பூசிய சுவரும் கதவும் சிவப்பின் தலைகீழ்த் தொல்லை. ஆழ்ந்த நீலமும் கடினம். எல்லாவற்றிலும் மோசமானது தூய சிவப்பு.

முதலில் கண்ணாடியையும் திரையையும் சோதியுங்கள்

கறுப்புப் பின்னணியில் ஒரு தூய சிவப்புக் கட்டமும் ஒரு தூய சயான் கட்டமும் வரைந்து திரையில் வையுங்கள். கண்ணாடி போட்டு வலக்கண்ணை மூடினால் சயான் கட்டம் மறைய வேண்டும். இடக்கண்ணை மூடினால் சிவப்புக் கட்டம் மறைய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் தாள் ஒளியைக் கசியவிடுகிறது. இந்தக் கசிவுதான் பொருள்களின் ஓரத்தில் நிழல்போல் இரண்டாவது உருவத்தைக் காட்டும். அதைப் பேய்உருவம் என்பார்கள். எந்தத் திருத்தம் செய்வதற்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மோசமான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறத்தைச் சரிசெய்வது வீண் உழைப்பு.

கைபேசியில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போட்டிருக்கும் இரவு முறையை அணைத்துவிடுங்கள். அது நீலத்தைக் குறைத்து வலக்கண்ணின் பங்கை வெட்டிவிடும்.

எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

கேமரா ஒன்றுதான் என்றால், ஒரு காலில் எடையை வைத்து ஒரு படம், மறு காலுக்கு எடையை மாற்றி இன்னொரு படம் என்று எடுக்கலாம். அசையாத பொருள்களுக்கு இது போதும். இரண்டு படங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் 30இல் ஒரு பங்கு என்பது பழைய விதி. 3 மீட்டரில் செடி இருந்தால் 10 செ.மீ. நகர்ந்தால் போதும். கடினமான நிறம் இருக்கும்போது இதையும் குறைத்து 40இல் ஒரு பங்கு வைப்பது நல்லது.

வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டு எடுங்கள். இரண்டு படங்களுக்கும் நடுவே கேமரா தானாக நிறத்தை மாற்றினால், நிற மோதலோடு இன்னொரு மோதலும் சேர்ந்துகொள்ளும்.

சிவப்புப் பொருளுக்கு முக்கியமானது இது: வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். வெயிலில் நிற்கும் செம்பருத்தியைக் கைபேசி எடுத்தால் சிவப்புச் சேனல் பெரும்பாலும் 255ஐத் தொட்டு நிரம்பிவிடும். இதழின் நரம்பு, மடிப்பு எல்லாம் அந்தச் சேனலில் அழிந்து, இடக்கண்ணுக்கு ஒரு தட்டையான வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சும். அதில் ஆழம் காண என்ன இருக்கிறது? வெளிச்ச ஈடுசெய்தலை ஒரு படி குறைத்து வையுங்கள். கேமரா திருத்தாத மூலத் தரவான ரா வடிவில் எடுக்க முடிந்தால் எடுங்கள். உச்சி வெயிலை விட மேகமூட்டமும் நிழலும் நல்லவை. பட்டுக்கும் இதுதான் விதி. பட்டின் மினுமினுப்பு கோணத்துக்குக் கோணம் மாறுவதால், நேர் வெயிலில் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு இடத்தில் மின்னும்.

சேர்ப்பதற்கு முன் சாம்பலில் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். இடப்படத்தின் சிவப்புச் சேனலையும் வலப்படத்தின் பச்சைச் சேனலையும் தனித்தனியே கறுப்பு–வெள்ளையாக எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். கண்ணாடி வேண்டாம். கண்ணாடி போட்ட இரண்டு கண்களும் பார்க்கப்போவது ஏறக்குறைய இவற்றைத்தான்.

இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் ‘கலர்ஸ்’ பட்டியலில் ‘காம்போனன்ட்ஸ்’, அதற்குள் ‘டீகம்போஸ்’ என்று போனால் மூன்று சேனல்களும் சாம்பல் நிற அடுக்குகளாகப் பிரிந்துவிடும். ஒரே பூ ஒன்றில் வெள்ளையாகவும் மற்றதில் கறுப்பாகவும் இருந்தால் அது துடிக்கும். ஒன்றில் விளிம்பு தெரிந்து மற்றதில் விளிம்பே இல்லையென்றால் அந்த இடத்தில் ஆழம் கிடைக்காது. என் அனுபவக் கணக்கு இது: இரண்டு கண்ணுக்குமான மதிப்புகள் இரண்டு மடங்கு வித்தியாசத்துக்குள் இருந்தால் கண் சமாளித்துக்கொள்ளும். நான்கு மடங்கைத் தாண்டினால் நிச்சயம் துடிக்கும். முன்பு சொன்ன குங்குமச் சிவப்பில் வித்தியாசம் ஐந்து முதல் பத்து மடங்கு.

எந்த முறையில் சேர்ப்பது?

ஜப்பானின் மசுஜி சுடோ உருவாக்கிய ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் ஓடும். இரண்டு படங்களையும் தானே நேர்ப்படுத்தி, பல முறைகளில் அனாகிளிஃப் ஆக்கித் தரும். அந்த முறைகளின் பெயர்களைப் பார்த்துப் புதியவர்கள் மிரள வேண்டியதில்லை.

முழு நிற முறையில் சேனல்கள் அப்படியே போகின்றன. கல், மரம், மஞ்சள் நிறைந்த படத்துக்கு அதுவே போதும். சாம்பல் முறையில் இரண்டு படங்களையும் முதலில் கறுப்பு–வெள்ளையாக்கிவிட்டுச் சேர்ப்பார்கள். ஆழம் துல்லியமாக வரும், நிறம் போய்விடும். அரைநிற முறை இரண்டுக்கும் நடுவே. இடப்படத்தை மட்டும் கறுப்பு–வெள்ளையாக்கி அதைச் சிவப்புச் சேனலில் வைக்கிறது. கணக்கு இப்படி: சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டுவது. நம் குங்குமச் சிவப்பு இடக்கண்ணுக்கு 200இலிருந்து 76ஆக இறங்கிவிடும். வலக்கண்ணுக்கு இன்னும் 20, 40தான். துடிப்பு குறையும், மறையாது. ஆனால் பச்சைக்கு இது அருமருந்து. 60, 150, 40 என்ற இலை இடக்கண்ணுக்கு 60லிருந்து 111ஆக ஏறிவிடுகிறது.

உகந்த முறை என்று ஒன்று இருக்கிறது. அது இடப்படத்தின் சிவப்பைப் பயன்படுத்துவதே இல்லை. அதன் பச்சையில் 0.7, நீலத்தில் 0.3 பங்கு எடுத்துச் சிவப்புச் சேனலை நிரப்புகிறது. குங்குமம் இடக்கண்ணுக்கு 26 ஆகிவிடும். வலக்கண்ணின் 20, 40உடன் கச்சிதமாகப் பொருந்தும். துடிப்பு போயே போய்விடும். ஆனால் பூ கருகிப்போன பழுப்பாகத் தெரியும். சிவப்புச் சேனலின் காமாவை, அதாவது நடுத்தர வெளிச்சத்தை ஏற்றியிறக்கும் அளவை, 1.5 அளவுக்கு உயர்த்தினால் கொஞ்சம் உயிர் வரும். பின்னணியில் சிவப்பு ஓடுகள், சிவப்புப் பேருந்து போன்றவை இருந்து, அவற்றின் நிறம் உங்களுக்கு முக்கியமில்லை என்றால் இதைத் தயங்காமல் எடுங்கள். பூவே கதாநாயகி என்றால் வேண்டாம்.

டுபுவா முறையைக் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் டுபுவா 2001இல் வெளியிட்டார். திரை வெளிவிடும் ஒளியையும் கண்ணாடித் தாள் விடும் ஒளியையும் கணக்கில் எடுத்து, மூன்று சேனல்களையும் இரண்டு படங்களிலிருந்தும் கணக்கிடுகிற முறை. பேய்உருவம் குறையும், முகங்கள் அழகாக வரும், சிவப்பு மட்டும் சற்று மண்நிறமாகும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் டுபுவாவில் தொடங்குங்கள்.

சிவப்பைச் சிவப்பாகவே வைத்திருக்க: சேனல் கலவை

தயாராக உள்ள முறைகள் கைவிடும்போது கையாலேயே கலக்கலாம். இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும், பலனும் இங்கேதான் கிடைக்கும். கிம்ப்பில் அதே ‘காம்போனன்ட்ஸ்’ பட்டியலில் ‘சேனல் மிக்சர்’ இருக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் எந்த நிறத்திலிருந்து எவ்வளவு என்று எண் கொடுக்கலாம். ஒரு சேனலுக்குக் கொடுக்கும் எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 1 ஆக இருக்கட்டும். அப்படி இருந்தால் வெள்ளையும் சாம்பலும் மாறாது.

இடப்படத்தின் சிவப்புச் சேனலுக்குச் சிவப்பு 0.6, பச்சை 0.3, நீலம் 0.1 கொடுங்கள். வலப்படத்தின் பச்சைச் சேனலுக்குச் சிவப்பு 0.25, பச்சை 0.75. வலப்படத்தின் நீலச் சேனலுக்குச் சிவப்பு 0.15, நீலம் 0.85. இப்போது குங்குமச் சிவப்பு என்ன ஆகிறது? இடக்கண்ணுக்கு 130. வலக்கண்ணுக்குப் பச்சை 65, நீலம் 64. வித்தியாசம் சரியாக இரண்டு மடங்கு. பூ செங்கல் சிவப்பாகத் தெரியும், ஆனால் சிவப்பு என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். துடிப்பு அடங்கிவிடும்.

அதே கலவையில் பச்சை இலை 85, 128, 43 ஆகிறது. கொஞ்சம் காய்ந்த பச்சை, ஆனால் இரண்டு கண்ணுக்கும் இதம். 90, 150, 230 என்ற வானம் 122, 135, 209 ஆகி லேசாக ஊதா தட்டும். வானம் பெரிதாக உள்ள படத்தில் அது உறுத்தினால் நீலச் சேனலின் கலவையை விட்டுவிடுங்கள்.

இதில் பேரம் ஒன்று நடக்கிறது. வலப்படத்தில் சிவப்பைக் கூடுதலாகக் கலந்து, இடப்படத்தில் சிவப்பைக் குறைத்துக்கொண்டே போனால், இரண்டும் சமமாகும் புள்ளியில் பூ சாம்பலாகிவிடும். சமநிலை முழுமையாக வேண்டுமென்றால் நிறத்தை முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். அதனால் சமமாகும் வரை போகாதீர்கள். கண்ணாடி போட்டுப் பார்த்து, துடிப்பு நின்ற இடத்தில் நில்லுங்கள்.

படத்தில் ஒரே ஒரு நிறம்தான் தொல்லை என்றால் இன்னும் எளிய வழி, அந்த நிறத்தை மட்டும் ஆரஞ்சுப் பக்கம் நகர்த்துவது. கிம்ப்பின் ‘ஹ்யூ–சாச்சுரேஷன்’ கருவியில் சிவப்பைத் தேர்ந்தெடுத்து, நிறத்தை 15 அளவு மஞ்சள் பக்கமாக நகர்த்தி, செறிவை 25 குறைத்து, வெளிச்சத்தை 10 ஏற்றிப் பாருங்கள். இரண்டு படங்களுக்கும் ஒரே எண்களைக் கொடுக்க வேண்டும். ஆட்கள் இருக்கும் படத்தில் இதைக் கவனமாகச் செய்யுங்கள். தோல் நிறமும் சிவப்பின் எல்லைக்குள் வருவதால் முகம் மஞ்சள் காமாலை கண்டது போலாகிவிடும்.

ஓரிடத்தை மட்டும் குறைப்பது

பொட்டு, உதட்டுச்சாயம், கூட்டத்தில் ஒரு சிவப்புச் சட்டை. இதற்காக முழுப் படத்தின் நிறத்தையும் குறைப்பது அநியாயம். ஒரே ஜோடியிலிருந்து இரண்டு அனாகிளிஃப் செய்யுங்கள்: ஒன்று முழு நிறம், ஒன்று சாம்பல். நேர்ப்படுத்தல் இரண்டிலும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நிறப்படத்தை மேல் அடுக்காகவும் சாம்பலைக் கீழடுக்காகவும் வைத்து, மேலடுக்குக்கு முகமூடி (லேயர் மாஸ்க்) போட்டு, தொல்லை தரும் பொருள்மேல் மென்மையான தூரிகையால் பாதியளவு மறைத்துக்கொண்டே வாருங்கள்.

புதியவர்கள் இங்கே தவறவிடும் விஷயம், அனாகிளிஃப்பில் ஒரு பொருள் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பது. சிவப்புச் சேனலில் ஓரிடத்திலும், பச்சை–நீலத்தில் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளியும் இருக்கும். முகமூடி இரண்டு இடங்களையும் மூட வேண்டும். ஆகவே பொருளின் அகலத்தை விடப் பக்கவாட்டில் கூடுதலாகத் தீட்டுங்கள்.

கூடவே இன்னொன்று. நேர்ப்படுத்தும்போது, கடினமான நிறமுள்ள பொருள் திரையின் தளத்திலேயே அமரும்படி படங்களை நகர்த்திவிட்டால், அதன் இரண்டு உருவங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஓரங்களில் பேய்உருவம் தெரியாது, துடிப்பும் அவ்வளவாக உறுத்தாது. பூவைத் திரைத் தளத்தில் வைத்து, இலைகளை அதன் பின்னால் தள்ளுங்கள். பூ முன்னே பாய்ந்து வர வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சிவப்புப் பூ அதற்கு ஒத்துவராது, மஞ்சள் பூவை அனுப்புங்கள்.

சேமிப்பதும் அனுப்புவதும்

ஜேபெக் கோப்பு இடம் மிச்சப்படுத்த, வெளிச்சத்தைத் துல்லியமாகவும் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்திலும் சேமிப்பது வழக்கம். சாதாரணப் படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அனாகிளிஃப்பில் நிறம்தான் கண்களைப் பிரிக்கிறது. ஆகவே நிறம் கலங்கினால் ஒரு கண்ணின் படம் மறு கண்ணில் ஒழுகும். கிம்ப்பில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது மேம்பட்ட தெரிவுகளில், நிற நுணுக்கத்தைக் குறைக்கும் சப்சாம்பிளிங்கை 4:4:4 (குறைக்காதே) என்று வையுங்கள், தரத்தை 90க்கு மேல் வையுங்கள். பிஎன்ஜியாகச் சேமித்தால் இந்தக் கவலையே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

அச்சடிக்கிறவர்கள் இன்னும் ஒரு படி பின்வாங்க வேண்டும். அச்சு மையின் சயானும் சிவப்பும் திரையின் ஒளிபோல் தூய்மையானவை அல்ல, கசிவு அதிகம். இடைவெளியைக் குறைத்து, அடர்கறுப்பைச் சற்று உயர்த்தி, அரைநிற முறையிலோ சாம்பலிலோ ஒரு சிறு தாளில் முதலில் அச்சிட்டுப் பாருங்கள்.

எந்த முறையில் சேர்த்தாலும் மூல ஜோடியை, இடப்படம் வலப்படம் என்று பெயரிட்டு, தனியாக வைத்திருங்கள். அனாகிளிஃப்பில் இடப்படத்தின் பச்சையும் நீலமும் இல்லை, வலப்படத்தின் சிவப்பும் இல்லை. அவற்றை அதிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. ஜோடி கையில் இருந்தால், நாளை வேறு கண்ணாடி வாங்கும்போதும் வேறு திரைக்கு மாறும்போதும் அதே செம்பருத்தியை வேறு எண்களில் மறுபடி கலக்கலாம்.